ட்ரோனும் ஆளில்லாப் படகும் வந்துவிட்டால் கடலோரக் காவலுக்கு ஆள் வேண்டாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: "ஒரு ஹெலிகாப்டர் வாங்கும் பணத்தில் எத்தனையோ ட்ரோன் வாங்கலாம். ஆளில்லாப் படகும் இப்போது தானாகவே ஓடுகிறது. அப்படியிருக்க இந்தியக் கடலோரக் காவல்படை ஏன் இன்னும் கப்பலையும் ஆட்களையும் நம்பியிருக்கிறது?" இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் நண்பர்களோடு சேர்ந்து கடலுக்கான ட்ரோன் ஒன்று செய்துகொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். கடல் காவலில் எந்த வேலையை எந்திரத்திடம் நம்பிக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? இதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கிழக்குக் கரையில் ரோந்துக் கப்பல்களில் பதினெட்டு வருடம் இருந்தேன், பெரும்பாலும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், ரேடார் திரைக்கு முன்னால். அப்புறம் ஆறு வருடம் கரையில், தேடல்-மீட்பு அறையில். இப்போது ஓய்வு. ட்ரோன் வடிவமைப்பு என் தொழில் அல்ல. கடலில் அதைப் பயன்படுத்த வேண்டியவன் என்ன எதிர்பார்ப்பான் என்ற பக்கத்திலிருந்து மட்டுமே பேச முடியும். எனக்குத் தெரிந்த கடலும் வங்கக் கடலும் பாக் நீரிணையும்தான்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். 2015 ஜூன் 8 அன்று தமிழகக் கரையோரமும் பாக் விரிகுடாவிலும் ரோந்து பார்க்கப் போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று சென்னைக்குத் திரும்பவில்லை. மூன்று பேர் அதில் இருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கப்பல்களும் விமானங்களும் தேடின. கடைசியில் பிச்சாவரத்துக்கு நேரே கடலில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில், 'ஒலிம்பிக் கேன்யன்' என்ற கப்பலிலிருந்து இறக்கிய ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிதான் விமானத்தின் பாகங்களைக் கண்டுபிடித்தது. 2024 செப்டம்பரில் போர்பந்தர் அருகே ஒரு டேங்கரில் அடிபட்டவரை இறக்கக் கிளம்பிய ஹெலிகாப்டர் இரவில் கடலில் விழுந்தது. அதிலும் மூன்று பேரை இழந்தோம். இரவு நேரத்தில் கடலுக்கு மேல் மணிக்கணக்கில் பறப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வேலையில் ஒரு பங்கையாவது எந்திரம் ஏற்றுக்கொள்ளும் என்றால் அதை மறுக்கிற கடைசி ஆள் நான்.

எந்தப் பங்கு என்பதில்தான் நிதானம் வேண்டும். சந்தேகமே இல்லாமல் நான் கைநீட்டிச் சொல்வது, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. கடல் வளம் நமக்கே உரிய பகுதியான நம் பொருளாதார மண்டலம் மட்டும் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையிலும் தீவுகளிலும் முதல் கட்டமாக 46 இடங்களில் ரேடாரும் கேமராவும் வைத்தார்கள். பெரிய முன்னேற்றம். ஆனால் ரேடாரில் தெரிவது ஒரு புள்ளி. அது மரப்படகா, ஃபைபர் படகா, வலை போட்டு நிற்கிறதா, யாருக்காகவோ காத்து நிற்கிறதா என்று புள்ளி சொல்லாது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கப்பலைத் திருப்பினால் இரண்டு மணி நேரமும் எரிபொருளும் போகும், அது விட்டு வந்த இடம் காலியாகும். பத்து முறை போனால் ஒன்பது முறை நம் ஊர் மீனவர் டீ போட்டுக்கொண்டிருப்பார். இந்த ஒன்பது முறைப் பயணத்தை ட்ரோன் மிச்சப்படுத்தும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான் கடலோரக் காவல்படை 2022 அக்டோபரில் ஹாச்சினோஹே தளத்திலிருந்து சீகார்டியன் ஆளில்லா விமானத்தை ரோந்துக்கு அனுப்பத் தொடங்கியது. ஒரே மூச்சில் 24 மணி நேரத்துக்கு மேல் மேலே நிற்கக்கூடியது அது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை வேறு வழியில் போனது. 2017இல் 'ஸ்ட்ராட்டன்' என்ற பெரிய ரோந்துக் கப்பலில் ஸ்கேன்ஈகிள் என்ற சின்ன விமானத்தை ஏற்றினார்கள். இறக்கைக்கு இறக்கை மூன்று மீட்டர்தான். கவண் போன்ற ஒரு கருவி அதை வீசி எறியும். திரும்பி வரும்போது கப்பலின் ஓரத்தில் செங்குத்தாகத் தொங்கும் கயிற்றில் இறக்கை நுனிக் கொக்கி மாட்டி நிற்கும். இதில் உங்கள் குழு கவனிக்க வேண்டியது விமானத்தை விட ஏற்பாட்டைத்தான். விமானம் கம்பெனிக்குச் சொந்தம், பறக்க விடுவதும் கம்பெனி ஆட்கள், காவல்படை வாங்குவது பறக்கும் மணி நேரத்தை. பழுது, பயிற்சி, உதிரிப்பாகம் எல்லாம் கம்பெனி தலையில். தொடங்குகிற ஒரு படைக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் கடற்படை இந்தப் பாதையில் முன்னே போயிருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்தில் உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து தளத்தில் 2012 முதலே ஆளில்லா விமானப் பிரிவு இருக்கிறது. 2020 நவம்பரில் இரண்டு சீகார்டியன்களைக் குத்தகைக்கு எடுத்து அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து பறக்க விட்டார்கள். அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகி வங்கக் கடலில் விழுந்தது. ஆனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. டோர்னியரை நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். அடுத்த மாதமே மூன்று படைகளுக்குமாக 31 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது, சுமார் 32,000 கோடி ரூபாய்க்கு. ஆயுதமும் பராமரிப்பும் சேர்த்த தொகை என்பதால் அதை 31ஆல் வகுத்து விலை சொல்வது சரியாகாது. ஆனாலும் "ட்ரோன் என்றால் மலிவு" என்ற நினைப்பை விடுவதற்கு இது போதும். ஒரு நாள் முழுக்கக் கடலுக்கு மேல் நிற்கிற எதுவும் மலிவாக வராது.

இனி தேடல். நீங்கள் மிகவும் நம்பிக்கையோடு எழுதியிருக்கும் இடம் இது, நான் அதிகம் தயங்கும் இடமும் இதுதான். ட்ரோன் கேமராவில் கடலைத் தேடுவது பப்பாளித் தண்டு வழியாக வானத்தைப் பார்ப்பது போல. தெரிகிற இடத்தில் துல்லியமாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரோந்து விமானம் 120 நாட் வேகத்தில் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), ஒரு கடல் மைல் அகலத்துக்கு நம்பிப் பார்க்க முடிகிறது என்று வையுங்கள். நான்கு மணி நேரத்தில் 480 சதுர கடல் மைல். சின்ன ட்ரோன் 60 நாட் வேகம், அரை மைல் அகலம், பதினாறு மணி நேரம். அதுவும் 480தான். காகிதத்தில் சமம். ஆனால் தண்ணீரில் கிடக்கிறவர் காகிதத்தில் கிடக்கவில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறார். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு நாட் வேகத்தில் இழுபட்டால் 24 மணி நேரத்தில் தேட வேண்டிய வட்டம் 1,800 சதுர கடல் மைல். இன்னொரு நாள் போனால் அது நான்கு மடங்கு, 7,200. அதனால் முதல் சில மணி நேரத்தில் வேகமாகப் பெரிய பரப்பைத் துடைப்பது விமானத்தின் வேலை. கண்டுபிடித்த பிறகு, கப்பல் வந்து சேரும் வரை, இரவானாலும் வெப்பக் கேமராவோடு அவருக்கு மேலேயே நின்று தொலைத்துவிடாமல் காப்பது ட்ரோனின் வேலை. ஒருமுறை பார்த்துவிட்டு எரிபொருளுக்குத் திரும்பி, மறுபடி வந்து அதே ஆளைக் காணாமல் தவித்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. அந்த ஒரு வேதனையைத் தீர்த்தாலே உங்கள் ட்ரோனுக்குக் கோடி புண்ணியம்.

காற்றையும் மறக்கக் கூடாது. கையில் தூக்கிச் செல்லும் அளவு ட்ரோன்கள் பல 20, 25 நாட் காற்றிலேயே திணறும். படகு கவிழ்கிற நாள் பெரும்பாலும் அதைவிட அதிகக் காற்றுள்ள நாள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், கரைக்குச் செய்தியே எட்டாத தூரத்தில். அந்தக் காற்றில் எந்தச் சின்ன ட்ரோனும் எழும்பியிருக்காது. எழும்பியிருந்தாலும் எங்கே தேடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். இதற்கு ட்ரோனைவிடப் பயன்படுவது படகில் பொருத்தும் இஸ்ரோவின் அபாயக் கருவி. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இடம் சென்னை மீட்பு மையத்துக்கு வரும். புதிய தலைமுறைக் கருவி "செய்தி கிடைத்தது" என்று படகுக்குப் பதிலும் அனுப்புகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த சாரட் என்ற மென்பொருள், காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் காணாமல் போனவர் எங்கே ஒதுங்கியிருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும், தமிழிலும் கிடைக்கிறது. இந்த இரண்டும் சரியாக வேலை செய்தால்தான் ட்ரோனை எங்கே அனுப்புவது என்றே தெரியும்.

"ஆளில்லா" என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. விமானத்தில் ஆள் இல்லை, கரையில் இருக்கிறார்கள். ஓட்டுபவர், கேமராவைத் திருப்புபவர், படத்தைப் பார்த்து முடிவு சொல்பவர், ஏவுபவர், பழுது பார்ப்பவர். நாள் முழுக்க என்றால் இவர்கள் எல்லாரும் மூன்று ஷிஃப்ட். வெறும் கடலைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு சீக்கிரம் கண் மரத்துப்போகும் என்பது ரேடார் முன்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். நாங்கள் சற்று நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வோம். கணினியே புள்ளியைப் பார்த்துக் குரல் கொடுக்கட்டும் என்பீர்கள். சரி, கொடுக்கட்டும். பகல் வெயிலில் அலை மினுக்கம், தெர்மாகோல் மிதவை, பிளாஸ்டிக் கேன், கடல் ஆமை எல்லாவற்றுக்கும் அது குரல் கொடுக்கத் தொடங்கினால், நாலாவது நாள் யாரோ ஒருவர் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார். உங்கள் மென்பொருளைப் பாக் விரிகுடாவின் படங்களில் பழக்குங்கள். எங்கோ குளிர்கடலில் எடுத்த படங்களில் பழகியது இங்கே தடுமாறும்.

ஆளில்லாப் படகுக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் 'மாதங்கி' என்ற தானியங்கிப் படகு மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளப்பி விடப்பட்டது, சுமார் 1,500 கிலோமீட்டர் பயணத்துக்கு. அந்த முயற்சியில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் திறந்த கடலில் நெடுந்தூரம் ஓடுவது ஒன்று, விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் இரவில் ராமேஸ்வரத்துக்கு வெளியே ஓடுவது இன்னொன்று. சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிப்படி இழுவலை இழுக்கும் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை விளக்குக் காட்ட வேண்டும். வேறு வலை போட்டிருந்தால் சிவப்பும் வெள்ளையும். எங்கள் கடலில் நான் பார்த்தது கடையில் கிடைத்த எல்இடி பட்டை, எந்த நிறம் இருந்ததோ அது. பழகிய மாலுமி விளக்கைப் பார்த்து முடிவு செய்ய மாட்டான். படகின் வேகத்தையும், பின்னால் யாராவது கயிற்றின் பக்கம் நிற்கிறார்களா என்பதையும், டார்ச்சை எந்தப் பக்கம் ஆட்டுகிறார்கள் என்பதையும் பார்ப்பான். டார்ச் வலப்பக்கம் ஆடினால் வலை அந்தப் பக்கம் இருக்கிறது, சுற்றிப் போ என்று பொருள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத மொழி, உங்கள் படகு இதையும் கற்க வேண்டும்.

கற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு சோதனை ஓட்டத்துக்கு என்னையும் துணைப் படகில் அழைத்துப் போனார்கள். ஆளில்லாப் படகு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வேகம் குறைந்து, மூக்கு பக்கவாட்டில் திரும்பி, நின்றுவிட்டது. திரையில் "மோட்டார் பளு அதிகம்" என்று மட்டும் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் புரொப்பல்லரில் நைலான் வலை கயிறு கயிறாகச் சுற்றி, சூட்டில் உருகிக் கட்டியாகியிருந்தது. துணைப் படகில் வந்த மீனவ இளைஞர் பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முக்கால் மணி நேரம் மூழ்கி மூழ்கி அறுத்தார். அவர் அறுத்தது இன்னொரு மீனவரின் வலை. அதன் விலையை யார் கொடுப்பது என்ற பேச்சு கரைக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. இது மட்டும் 1974, 1976 உடன்பாடுகள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்குப் பக்கத்தில் நடந்திருந்தால், செத்த மோட்டாரோடு அரசாங்கப் படகு ஒன்று நீரோட்டத்தில் அடுத்த நாட்டுக் கடலுக்குப் போயிருக்கும். ஆளோடு போன படகு வழுக்கிப் போனால் வயர்லெஸ்ஸில் பேசி விளக்கலாம். யாரும் இல்லாத படகுக்காக யார் பேசுவது?

சட்டம் இன்னும் முழுதாகத் தெளியாத இடம். தெளிவானது இவ்வளவு: கடல் சட்ட உடன்படிக்கையின் 111ஆம் பிரிவுப்படி அந்நியக் கப்பலைத் துரத்திப் பிடிக்க, அரசுப் பணியில் இருப்பது வெளிப்படையாகத் தெரியும் கப்பலோ விமானமோ வேண்டும். நிற்கச் சொல்லும் சைகை, காணவோ கேட்கவோ முடிகிற தூரத்திலிருந்து தரப்பட்டிருக்க வேண்டும். 98ஆம் பிரிவு, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் கடமையைக் கப்பலின் மாஸ்டர், அதாவது கேப்டன் மேல் வைக்கிறது. மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது, கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனிக்கச் சொல்கிறது. கேமராவும் மைக்கும் கண்ணும் காதும் ஆகுமா, கரையில் உட்கார்ந்திருப்பவர் மாஸ்டர் ஆவாரா, ட்ரோன் ஒலிபெருக்கியில் "நில்" என்றால் அது செல்லுமா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு தானியங்கிக் கப்பல்களுக்கு உருவாக்கும் விதித்தொகுப்பு 2032இல் கட்டாய விதியாக வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. அதுவும் முதன்மையாகச் சரக்குக் கப்பலுக்கானது. அதனால் கைது, சோதனை, துரத்தல் என்று வழக்காக மாறக்கூடிய வேலைகளில் எந்திரம் சாட்சியாகப் படம் எடுக்கட்டும், கை வைப்பது சீருடை போட்ட ஆளாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

கை என்று சொன்னதும் ஒரு காலை நினைவுக்கு வருகிறது. கவிழ்ந்த ஃபைபர் படகின் முதுகில் இரண்டு இரவு தொற்றிக்கொண்டிருந்த நான்கு பேரை நெருங்கினோம். கயிறு வீசினோம், முதல் ஆளின் மேலேயே விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிடிக்கவில்லை. இரண்டு நாள் பலகையின் விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் வளைந்தபடியே இறுகிவிட்டன, கயிற்றைச் சுற்றி மூடவில்லை. எங்கள் மாலுமி ஒருவர் குதித்து, பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து அணைத்து வலைக்குள் உருட்டிவிட்டார். நான்கு பேரையும் அப்படியே. இன்றுள்ள எந்த ஆளில்லாப் படகும் அந்த வேலையைச் செய்யாது. மண்டபம் பக்கம் கடத்தல்காரர்கள் கடலில் வீசிய தங்கத்தை 2023இல் முக்குளிப்பவர்கள் தேடி எடுத்தார்கள், 17 கிலோவுக்கும் மேல். வீசிய இடத்தைக் காட்ட மேலிருந்து ஒரு கண் உதவும், தரையைத் தடவுவது கைதான்.

என்னைக் கேட்டால் முதல் பணத்தை எண்ணெய்க் கசிவிலும் தீயிலும் போடுவேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது, இளைஞர்கள் வாளியில் அள்ளிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் பரவாது. தடித்த பட்டை எங்கே, அது எந்தப் பக்கம் போகிறது என்று மணிக்கொருமுறை மேலிருந்து பார்த்துச் சொன்னால், மிதவைத் தடுப்பைச் சரியான இடத்தில் போடலாம். சாதாரண ட்ரோனே போதும். 2025 ஜூனில் கேரளத்துக்கு அப்பால் 'வான் ஹை 503' எரிந்தபோது, ஆபத்தான சரக்கு ஏற்றிய கப்பலுக்குப் பக்கத்தில் போய்த்தான் நம் ஆட்கள் தண்ணீர் அடித்தார்கள். அந்த இடத்தில் ஆளில்லாத் தீயணைப்புப் படகு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

உங்கள் ட்ரோனுக்கு வருவோம். கல்லூரி மைதானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்து ஆடும் தளத்திலிருந்து, இரவில், ஈரக் கையுறை போட்ட ஒருவர் ஏவி, திரும்ப இறக்கிக் காட்டுங்கள். உப்புக் காற்றில் ஒரு மாதம் வெளியே வைத்துவிட்டு மறுபடி பறக்க விடுங்கள். அதற்கு முன்னால் தெரிந்த மீனவர் யாரிடமாவது கேட்டு இரண்டு மூன்று நாள் விசைப்படகில் போய் வாருங்கள். இன்னொன்று, கீழே போட ஒரு பொட்டலம் வைக்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னீர்கள், உயிர்காப்பு மிதவையும் வயர்லெஸ்ஸும் என்று. நல்ல யோசனை, ஆனால் அரை லிட்டராவது தண்ணீருக்கும் அதில் இடம் ஒதுக்குங்கள். நாங்கள் தூக்கியவர்களில் பேசும் நிலையில் இருந்த எல்லாரும் முதலில் கேட்டது அதுதான். மூடியைத் திருகித் திறக்க வேண்டாத, பல்லால் கடித்துத் திறக்கும் உறையாக இருக்கட்டும்.